செவிலியர் பற்றாக்குறைக்கு எந்தக் கருவியை முதலில் வாங்குவது?

கடலூரில் 60 படுக்கைகளுடன் இயங்கும் அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றுக்கு, செவிலியர் பற்றாக்குறையைச் சமாளிக்க உதவும் கருவிகளை வாங்குவதற்காக, ஒரு தொழிற்சாலையின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஒரே தவணையில் ஒரு தொகை வரவிருக்கிறது. எதை முதலில் வாங்கலாம் என்று கருத்துச் சொல்வதற்காக, செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற என்னையும் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். எல்லாப் படுக்கைகளையும் ஒரே திரையில் காட்டும் மையக் கண்காணிப்பு அமைப்பு, காகிதத்துக்குப் பதிலாகக் கணினியில் எழுதும் நோயாளிப் பதிவேடு, வேறோர் ஊரிலிருந்து நிபுணர் பார்வையிடும் தொலை ஐ.சி.யு. வசதி, டிரிப்பைக் குறித்த வேகத்தில் ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப் முதலான சிறு கருவிகள் என நான்கு விலைப்புள்ளிகள் இப்போது மேசைமீது இருக்கின்றன. விலைப்புள்ளியே தேவைப்படாத ஐந்தாவது வழியும் ஒன்று உண்டு. செவிலியர் செய்யத் தேவையில்லாத வேலைகளை அவர்களிடமிருந்து பிரித்து வேறொருவரிடம் கொடுப்பதுதான் அது. இந்த ஐந்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து எனக்குத் தோன்றியவற்றை இங்கே எழுதுகிறேன்.

பற்றாக்குறை ஏன் வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஏனெனில் எந்தக் கருவி பயன்படும் என்பது அதைப் பொறுத்தது. உலகம் முழுவதும் 59 லட்சம் செவிலியர் குறைவாக இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டது. அந்தப் பெரிய கணக்கு கடலூருக்கு வரும்போது மிக எளிய வடிவம் எடுக்கிறது. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் புதுச்சேரி இருக்கிறது. அங்கே கோரிமேட்டில் மத்திய அரசு ஊதியம் தரும் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. வளைகுடா நாடுகளும் பிரிட்டனும் ஜெர்மனியும் ஆள் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. நம்மிடம் சேரும் பெண் வார்டு பழகி, எந்த மருத்துவர் எந்த மருந்தை எப்படி எழுதுவார் என்பதைத் தெரிந்துகொண்டு, புதிதாக வருபவருக்குச் சொல்லித் தரும் நிலைக்கு வரும் வேளையில் ராஜினாமா கடிதத்தோடு வந்து நிற்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக் கடனும் தம்பி படிப்பும் உள்ள ஒருவர் அதைத்தான் செய்வார். ஆனால் இதன் விளைவாக, நம் வார்டில் எப்போதும் பாதிப் பேர் புதியவர்கள். ஆறு மாதம் பழகினால்தான் கைவரும் கருவி எதுவாயினும் அது நமக்கு ஒத்துவராது.

செவிலியர் குறைந்தால் வேலை மெதுவாகிறது என்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று காட்டியது. இரவுப் பணியில் முப்பது பேருக்கு இருவர் என்ற கணக்கில் வார்டைப் பார்த்துக்கொண்ட எனக்கு அந்த எண் புதிய செய்தியாக இருக்கவில்லை. கூடுதலாக ஒரு நோயாளி வந்தால் கைவிடப்படுவது எது என்பது எங்களுக்குத் தெரியும். மருந்து விடுபடாது, ஊசி விடுபடாது. ஒருவரின் முகத்தைச் சற்று நேரம் நின்று பார்ப்பதுதான் விடுபடும்.

ஆகவே எந்தக் கருவியைப் பற்றிப் பேசினாலும், அது யாருடைய நேரத்தை, எந்த வேலையிலிருந்து மிச்சப்படுத்துகிறது என்பதே என் முதல் கேள்வி. இதற்கு உதவும் ஓர் ஆய்வு 2008இல் அமெரிக்காவில் 36 மருத்துவமனைகளில் செவிலியரின் நேரத்தை அளந்து வெளிவந்தது. அவர்களின் பணி நேரத்தில் 35 சதவீதம் எழுதுவதற்கும், 20 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிற பிரிவுகளோடு பேசி வேலைகளை ஒருங்கிணைப்பதற்கும், 17 சதவீதம் மருந்து கொடுப்பதற்கும் போயிருந்தது. நோயாளியை நேரடியாகப் பராமரிக்கக் கிடைத்தது 19 சதவீதம். காய்ச்சல், நாடி, இரத்த அழுத்தம் பார்ப்பது, நோயாளியின் நிலையை மதிப்பிடுவது ஆகியவற்றுக்கு ஏழு சதவீதத்தை ஒட்டித்தான் செலவாயிற்று. அமெரிக்க வார்டும் நம் வார்டும் ஒன்றல்ல. இங்கே குளிப்பாட்டுவதையும் ஊட்டுவதையும் துணைக்கு இருக்கும் மகளோ மருமகளோ செய்துவிடுகிறார். அங்கே கருவி செய்யும் பலவற்றை இங்கே கால்கள் செய்கின்றன. இருந்தாலும் அந்த விகிதம் ஓர் எச்சரிக்கையைத் தருகிறது. விளம்பரங்களில் மிகுதியாகப் பேசப்படும் கண்காணிப்புக் கருவிகள் குறைப்பது அந்த ஏழு சதவீதத்தை. யாரும் பேசாத எழுத்து வேலை ஐந்து மடங்கு பெரியது.

மையக் கண்காணிப்பு அமைப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நிர்வாகத்தின் விருப்பம் இதன்மேல்தான் இருக்கிறது. மெத்தைக்குக் கீழே விரிக்கும் உணரித் தகடு நாடியையும் மூச்சையும் தொடர்ந்து அளந்து, செவிலியர் மேசையில் உள்ள திரைக்கு அனுப்புகிறது. இதில் உண்மையான நன்மை ஒன்று இருப்பதை மறைக்கக் கூடாது. மூச்சு எண்ணிக்கையை நாம் சரியாக எடுப்பதில்லை. ஒரு நிமிடம் முழுவதும் நின்று மார்பு ஏறி இறங்குவதை எண்ண நேரமில்லாமல், வார்டு முழுவதும் எல்லோருடைய சார்ட்டிலும் 20 என்று எழுதப்பட்டிருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், கண்டித்துமிருக்கிறேன், அவசரத்தில் நானே எழுதியுமிருக்கிறேன். நிலை மோசமாகும் நோயாளியிடம் முதலில் மாறுவது பெரும்பாலும் மூச்சுதான் என்பதால், அதை அயராமல் எண்ணும் கருவிக்கு மதிப்பு உண்டு.

ஆனால் கருவி எண்ணுவதோடு நிற்பதில்லை, கூப்பிடுகிறது. கூப்பிட்டால் ஒருவர் எழுந்து போக வேண்டும். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமெரிக்க அமைப்பான ஜாயின்ட் கமிஷன் 2013இல் வெளியிட்ட எச்சரிக்கையில், எச்சரிக்கை ஒலிகளில் 85 முதல் 99 சதவீதம் வரை எந்தச் சிகிச்சையும் தேவைப்படாதவை என்று குறிப்பிட்டது. 2009 தொடக்கத்திலிருந்து 2012 நடுப்பகுதி வரை அந்த அமைப்புக்குத் தெரிவிக்கப்பட்ட, ஒலி தொடர்பான 98 விபரீதங்களில் 80 உயிரிழப்பில் முடிந்தன. ஓயாமல் ஒலிக்கும் மணிக்குக் காது பழகிவிடுகிறது என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இரண்டு பேர் மட்டுமே இருக்கும் இரவு வார்டில் முப்பது படுக்கைகளும் கூப்பிடத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, ஒலியைக் குறைத்துவைப்பார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கறுப்பினத்தவரிடம் ஆக்சிஜன் அளவை உண்மைக்கு மேலாகக் காட்டும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று காட்டி 2020இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வையும், மாநிறமும் கறுப்புமான மக்கள் வந்து படுக்கும் நம் வார்டில் மறக்கலாகாது. திரை பச்சையாக இருக்கிறதே என்று நம்பிப் படுக்கைப் பக்கம் போகாமல் இருந்துவிடும் பழக்கம் வந்தால், மிச்சமான நேரத்துக்கு நாம் கொடுக்கும் விலை மிகப் பெரியது. ஐ.சி.யு.விலும், அறுவைச் சிகிச்சை முடிந்து முதல் நாள் இருப்பவர்களின் ஆறு படுக்கைகளிலும் இந்த அமைப்பு வரலாம். 60 படுக்கைக்கும் வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்தது கணினிப் பதிவேடு. பணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கும் வேலையை இது குறைக்கும் என்றால் இதைத்தானே முதலில் வாங்க வேண்டும் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நம்பினேன். முன்பு நான் பணியாற்றிய மருத்துவமனை ஒன்றில் இதற்கான மென்பொருளை வாங்கினார்கள். இரண்டு வார்டுக்கு ஒரு கணினி. செவிலியர் படுக்கையருகே பார்த்ததையெல்லாம் உள்ளங்கையிலும், பழைய மருந்துப் பெட்டியின் அட்டையிலும் குறித்துக்கொண்டு, டியூட்டி முடியும் நேரத்தில் அந்த ஒரு கணினி முன்னால் வரிசையில் நின்றார்கள். காகிதமும் நிற்கவில்லை. காப்பீட்டுக் கோரிக்கைக்குக் கையொப்பமிட்ட கேஸ் ஷீட்டின் நகல் வேண்டும் என்றும், வெளியிலிருந்து வரும் மருத்துவர் கணினியைத் தொடமாட்டார் என்றும் இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. காய்ச்சல், நாடி, மூச்சு ஆகியவற்றைக் குறிக்கும் டி.பி.ஆர். சார்ட், திரவ வரவு செலவுக் கணக்கு, மருந்துப் பட்டியல், செவிலியர் குறிப்பு ஆகிய அனைத்தும் இரண்டு முறை எழுதப்பட்டன. பகல் 2 மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டிய பெண்கள் 3 மணிக்குப் போனார்கள். ஓராண்டு முடிவதற்குள் அந்தக் கணினிகள் துணி போர்த்தி வைக்கப்பட்டன. செலவழித்த பணத்தைவிட, ‘கம்ப்யூட்டர்’ என்றாலே அந்தச் செவிலியர்களுக்கு வந்துவிட்ட கசப்புதான் எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது.

அந்தத் தோல்விக்கு மென்பொருள் மட்டும் காரணமன்று. காகிதத்தை நிறுத்தும் துணிவு நிர்வாகத்துக்கு இல்லாததே முதல் காரணம். எனவே கணினிப் பதிவேட்டை வாங்குவதற்கு முன், எந்தெந்தக் காகிதம் எந்தத் தேதியில் நிற்கும் என்பதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், மருந்தகத்துக்கு அனுப்பும் இண்டென்ட் என்ற மருந்துக் கோரிக்கைச் சீட்டையும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் முதலில் கணினிக்குக் கொண்டுவரலாம். ஏனெனில் இந்த இரண்டும் எழுத்தோடு நடையையும் சேர்த்துக் கேட்கின்றன. இண்டென்ட் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய், மருந்தில்லை என்று தெரிந்து, மாற்று மருந்துக்கு மருத்துவரைத் தேடி, மீண்டும் இறங்கும் அலைச்சலை ஒரு நாள் பின்தொடர்ந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பேசினால் தானே எழுதிக்கொள்ளும் மென்பொருள்களும் இப்போது விற்பனைக்கு வருகின்றன. தமிழும் ஆங்கிலமும் கலந்து, மின்விசிறிச் சத்தத்துக்கும் பார்வையாளர் பேச்சுக்கும் நடுவே சொல்வதை அது சரியாக எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்த பிறகே செவிலியர் கையொப்பமிட முடியும். 15 மி.கி. என்று சொன்னது 50 என்று பதிவாகிவிட்டால் பொறுப்பு கையொப்பமிட்டவருடையது. படிப்பதற்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் மிச்சம் எவ்வளவு என்பதை நம் வார்டிலேயே ஒரு வாரம் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

தொலை ஐ.சி.யு. பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. அது தீர்ப்பது நிபுணர் பற்றாக்குறையை; செவிலியர் பற்றாக்குறையை அல்ல. திரைக்கு அப்பால் இருக்கும் மருத்துவருக்குக் கண்ணும் கையுமாக இருப்பவர் படுக்கையருகே நிற்கும் செவிலியர்தான் என்பதால், அவருடைய வேலை கூடவே செய்யும். ஈ-சஞ்சீவனி போன்ற தொலை ஆலோசனை ஏற்பாட்டிலும் இதே நிலைதான். நோயாளிக்குப் பயணம் மிச்சம், மருத்துவருக்கு நேரம் மிச்சம், நடுவில் இருப்பவருக்கு ஒரு வேலை கூடுதல். அது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவில் மாரடைப்போடு வருபவரை ஆம்புலன்சில் புதுச்சேரிக்கு அனுப்புவதா இங்கேயே வைத்துக்கொள்வதா என்று கேட்க ஒரு நிபுணர் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் அதை இந்த நிதியில், இந்தக் காரணத்துக்காக வாங்குவது பொருந்தாது. புறநோயாளிகள் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து தாமே பதிவு செய்துகொள்ளும் ஏற்பாட்டைப் பற்றியும் குழுவில் ஒருவர் கேட்டார். அது பதிவுச் சாளர வரிசையைக் குறைக்கும், செலவும் குறைவு, தாராளமாகச் செய்யலாம். வார்டுச் செவிலியருக்கு அதனால் வரும் பயன் சிறிதுதான்.

இனி, விலைப்புள்ளிகளில் மிக மெல்லியதாக இருக்கும் நான்காவது. இன்ஃப்யூஷன் பம்ப், சக்கரம் வைத்த தானியங்கி பி.பி. கருவி, ஸ்லைடு ஷீட் எனப்படும் வழுவழுப்பான நகர்த்து விரிப்பு, கையால் சுற்றாமல் பொத்தானை அழுத்தி உயர்த்தித் தாழ்த்தும் கட்டில் ஆகியவை இதில் அடங்கும். நாடாவை வெட்டித் திறந்துவைக்கும் பெருமை இவற்றில் எதற்கும் இல்லை.

ஒரு டிரிப் எப்படி ஓடுகிறது என்பதை அருகில் நின்று பார்த்தால் இதன் பொருள் விளங்கும். 500 மி.லி. சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று மருத்துவர் எழுதுகிறார். 1 மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட்டில், அதாவது டிரிப் குழாயில், அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. செவிலியர் கைக்கடிகாரத்தைச் சொட்டு விழும் இடத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ரெகுலேட்டரை இம்மியளவு திருப்பி, எண்ணி, மறுபடியும் திருப்பி, மறுபடியும் எண்ணிச் சரிசெய்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகிறார். நோயாளி கையை மடக்கினால் சொட்டு நிற்கிறது. எழுந்து உட்கார்ந்தால் வேகம் மாறுகிறது. கழிவறைக்குப் போகும்போது உறவினர் பாட்டிலைத் தாழ்த்திப் பிடித்தால் இரத்தம் குழாயில் ஏறுகிறது. “சிஸ்டர், டிரிப் முடியப் போகுது” என்று குரல் வரும். சில இரவுகளில் வராது. துணைக்கு இருக்கும் தாய் இரண்டு நாள் தூக்கமின்மையில் கண்ணயர்ந்திருப்பார். காலையில் பார்த்தால் கையில் குத்தியிருக்கும் சிறு குழாயான கேனுலா அடைத்திருக்கும். புதிதாகக் குத்த நரம்பு கிடைக்காமல் குழந்தை அழும். பத்து நிமிட வேலை அரை மணி நேரம் ஆகும். பம்ப் இந்த எண்ணும் வேலையையும், முடிந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கும் நடையையும் எடுத்துக்கொள்கிறது. பொட்டாசியம் குளோரைடு போன்று வேகம் கூடினால் இதயமே நின்றுவிடக்கூடிய மருந்துகளுக்கு அது வசதி என்பதைத் தாண்டிப் பாதுகாப்பும் ஆகிறது. புதிதாகச் சேர்ந்த செவிலியர் இரண்டு மூன்று டியூட்டிகளில் இதைப் பழகிக்கொள்கிறார். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் நம்மைப் போன்ற இடத்துக்கு இது முக்கியம்.

பம்புக்கும் மணி உண்டு, அடைப்பு, காற்றுக்குமிழி, மின்கலம் தீர்தல் என்று அதுவும் கூப்பிடும் என்பதை மறுக்கவில்லை. வேறுபாடு என்னவென்றால், பம்ப் கூப்பிடுவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. போய்ச் சரிசெய்தால் நிற்கிறது. எல்லா நோயாளிக்கும் அது வேண்டியதுமில்லை. அரை மணி நேரத்தில் ஏறிவிடும் ஆன்டிபயாட்டிக்குக்குச் சாதாரண செட்டே போதும். குழந்தைகள், முதியோர், இதயமும் சிறுநீரகமும் பழுதுபட்டவர்கள், வேகம் தவறக் கூடாத மருந்து பெறுபவர்கள் என்று பிரித்தால் நமக்குப் பத்துப் பன்னிரண்டு பம்புகள் தேவைப்படும்.

நகர்த்து விரிப்பைப் பற்றிச் சொல்லும்போது குழுவில் இருந்தவர்கள் அதை ஒரு கருவியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பக்கவாதத்தால் படுத்திருக்கும் 80 கிலோ எடையுள்ள ஒருவரைப் படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். போர்வையின் நான்கு முனைகளையும் நான்கு பேர் பிடித்துக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லித் தூக்குவது எங்கள் வழக்கம். இரவில் நான்கு பேருக்கு எங்கே போவது? மகன், பக்கத்துப் படுக்கைக்காரரின் அண்ணன், வாயில் காவலர் என்று கூப்பிட்டுச் சேர்ப்பதற்கே கால் மணி நேரம் ஆகும். இல்லாவிட்டால் இருவரே தூக்கி, ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அவர் மறுநாள் விடுப்பு எடுப்பார். இருக்கும் பற்றாக்குறை மேலும் ஒன்று கூடும். என் கூடவே பயின்ற மூவர் முதுகுவலியால் வார்டு வேலையை விட்டு வெளியேறினார்கள். உராய்வைக் குறைக்கும் இரண்டு அடுக்குத் துணியின் மீது அதே நோயாளியை இரண்டு பேர் தூக்காமலே நகர்த்திவிடலாம். அதற்கு மின்சாரமும் வேண்டாம், பராமரிப்பு ஒப்பந்தமும் வேண்டாம்.

மின்சாரம் என்றதும் 2011 டிசம்பர் 30ஆம் தேதி நினைவுக்கு வருகிறது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த அந்தக் காலையில் தொடங்கி, ஜெனரேட்டர் டீசலைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்து ஓட்டினோம். அறுவை அரங்குக்கும் ஆக்சிஜனுக்கும் மின்சாரம், வார்டுக்கு மெழுகுவத்தி. செல்பேசிக் கோபுரங்கள் சாய்ந்து எந்த அழைப்பும் போகவில்லை. 2015 வெள்ளத்திலும், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலிலும் இந்தக் கடற்கரை மறுபடியும் அதே பாடத்தைப் படித்தது. இணையமும் மின்சாரமும் இல்லாமல் ஒரு நாள் முழுவதும் எது வேலை செய்யும் என்ற கேள்வியை இங்கே விற்க வரும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். பம்பின் மின்கலம் சில மணி நேரம் தாங்கும். அதன்பின் பழைய ரெகுலேட்டர் இருக்கிறது, எண்ணத் தெரிந்த கை இருக்கிறது. வேறோர் ஊரின் சர்வரில் மட்டுமே மருந்துப் பட்டியல் இருக்குமானால், அன்றிரவு 11ஆம் எண் படுக்கைக்கு என்ன மருந்து என்று சொல்ல யாராலும் முடியாது. உப்புக் காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். துறைமுகப் பக்கத்தில் இரும்புச் சன்னலே நாலைந்து ஆண்டுகளில் உதிர்கிறது; இணைப்பு முனைகள் பச்சை பூத்து நின்றுபோன கருவிகள் எங்கள் ஸ்டோர் ரூமில் ஒரு மூலை நிறையக் கிடந்தன.

ஐந்தாவது வழிக்கு வருகிறேன். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அமைப்பின் கிளை அது, 2003இல் திறக்கப்பட்டது. கிராமத்திலிருந்து வரும், பள்ளிப் படிப்பை முடித்த பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்து, பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, அறுவைக்குத் தயார் செய்வது ஆகிய ஒவ்வொன்றையும் அவர்களிடம் ஒப்படைக்கிறார்கள். அறுவை அரங்கில் அடுத்த நோயாளி பக்கத்து மேசையில் தயாராக இருப்பதால், மருத்துவர் ஒரு கண்ணை முடித்தவுடன் மறுபக்கம் திரும்பி அடுத்ததைத் தொடங்குகிறார். கருவியும் அங்கே நிறைய உண்டு. ஆயினும் முதலில் பிரிக்கப்பட்டது வேலை. கருவி அதற்குப் பிறகு வந்தது. கண் பரிசோதனை ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப வருவது, பொது வார்டு அப்படியல்ல என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் நம் செவிலியர் ஒரு நாளில் செய்பவற்றில் ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும், இரத்த மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதும், காப்பீட்டுக் காகிதங்களை ஸ்கேன் செய்து ஏற்றுவதும், ஆக்சிஜன் உருளைக்குத் தொலைபேசியில் பேசுவதும் எத்தனை? அவற்றுக்குச் செவிலியர் படிப்பு தேவையில்லை. வார்டுக்கு ஓர் எழுத்தரும் ஒரு கூடுதல் உதவியாளரும் இருந்தால், எந்தக் கருவியும் தராத நேரம் மறுநாளே கிடைக்கும். நோயாளிக்கு மருந்து கொடுப்பதையும் ஊசி போடுவதையும் அந்த உதவியாளரிடம் தள்ளிவிடும் சபலம் நிர்வாகத்துக்கு வரும் என்பதால், அவர் எதைத் தொடக் கூடாது என்பதையும் அன்றே எழுதிவைக்க வேண்டும்.

அப்படியானால் தொகை முழுவதையும் ஆட்களுக்கே செலவிடலாமே என்று கேட்டால், அதற்கு ஒரு தடை இருக்கிறது. நிதி ஒருமுறைதான் வருகிறது. சம்பளம் மாதா மாதம் போகிறது. கருவி வாங்கித் தருபவர் அதன்மேல் பெயர்ப் பலகை வைக்கலாம். சம்பளத்தின் மேல் வைக்க முடியாது. நம் மருத்துவமனைகளில் பூட்டிக் கிடக்கும் இயந்திரங்களும் காலியாகக் கிடக்கும் பணியிடங்களும் அருகருகே இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. இதற்காகவே, கருவிகளை நிதியில் வாங்கிவிட்டு, அவற்றுக்கென மருத்துவமனை ஒதுக்கிவைத்திருந்த தொகையை எழுத்தருக்கும் உதவியாளருக்கும் திருப்ப வேண்டும் என்று குழுவிடம் கேட்டிருக்கிறேன்.

என் பரிந்துரை இதுதான். முதல் ஆண்டில் 12 பம்புகள், வார்டுக்கு ஒன்றாகத் தானியங்கி பி.பி. கருவிகள், நகர்த்து விரிப்புகள், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பொத்தான் கட்டில்கள் நான்கு, ஓர் எழுத்தர், இரண்டு உதவியாளர்கள். இரண்டாம் ஆண்டில் இண்டென்டும் டிஸ்சார்ஜும் மட்டும் கணினிக்கு, ஒரே ஒரு வார்டில், உள்ளூர் சர்வரோடு. மையக் கண்காணிப்பு ஐ.சி.யு.வுக்கும் அறுவைக்குப் பிந்தைய ஆறு படுக்கைகளுக்கும் மட்டும், அதுவும் நிதி மிஞ்சினால். தொலை ஐ.சி.யு.வுக்கு வேறு நிதி தேடலாம். கருவி வந்துவிட்டது என்ற காரணத்தைக் காட்டி, காலியாக இருக்கும் செவிலியர் பணியிடம் ஒன்றைக்கூட நீக்கக் கூடாது என்பதைத் தீர்மானத்திலேயே எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன்; எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் அதைப் பார்க்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கொள்முதலில் ஒரு விஷயம் பாக்கி. பம்புக்கு விலை சொன்ன மூன்று நிறுவனங்களையும் பம்பின் விலையை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். மிகக் குறைந்த விலை சொன்ன நிறுவனத்தின் பம்பில் அதே நிறுவனத்தின் ஐ.வி. செட் மட்டுமே பொருந்தும். சாதாரண செட்டைவிட விலை கூடுதலான அந்தச் செட்டை ஒவ்வொரு நோயாளிக்கும் வாங்க வேண்டியிருக்கும். ஆண்டு முடிவில் பம்பின் விலையைவிட அதுவே மிகுந்துவிடலாம். பராமரிப்பிலும் ஏ.எம்.சி. என்றால் ஆள் வந்து பார்ப்பது மட்டும், சி.எம்.சி. என்றால் உதிரி பாகமும் சேர்த்து என்ற வேறுபாடு உண்டு. மின்கலம் எதில் அடங்கும் என்று மூவருமே எழுதவில்லை. எந்தச் செட்டும் பொருந்துமா, மூன்றாண்டுக்குச் செட்டின் விலை என்ன, மின்கலம் மாற்றுவது யார் செலவு, பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் கடலூருக்கு ஆள் வருவார் ஆகிய நான்குக்கும் எழுத்தில் பதில் கேட்டு மூன்று நிறுவனங்களுக்கும் கடிதம் அனுப்பியிருக்கிறோம். பதில் வந்த பிறகு, பம்பின் விலையோடு மூன்றாண்டுச் செட்டின் விலையையும் கூட்டி மறுபடியும் வரிசைப்படுத்துவோம்.